வாடைக்காலத்துக் கடன் கொப்பி

உப்புவெளிப் பக்கத்துத் தொழில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பருவம். உப்பு விளைவது வெயில் மாதங்களில். மீன் படுவது கச்சான் அடிக்கும் மாதங்களில். சுற்றுலாப் பயணிகள் வந்திறங்குவதும் சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையில்தான். ஐப்பசி போய் வாடை எழும்பிவிட்டால் உப்பளத்தில் மழைத்தண்ணீர் நிற்கும், வள்ளங்கள் கரையேறும், விடுதிகள் பாதி பூட்டிக் கிடக்கும். அந்த மூன்று நான்கு மாதமும் பல வீடுகளில் உலை கொதிப்பது சந்திக்கடைக்காரரின் கடன் கொப்பியை நம்பித்தான்.

திருகோணமலை நகரை விட்டு நிலாவெளி வீதியில் வடக்கே ஐந்தாறு கிலோமீற்றர் போனால் உப்புவெளி. வலப்பக்கம் கடல். இடப்பக்கம் பற்றைக்காடும் களப்பு ஓரங்களும், அதற்கப்பால் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கத்து மேட்டு நிலமும். சுற்றிவர அலஸ்தோட்டம், சாம்பல்தீவு. இன்னும் வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி. பெரியகரைச்சி, சின்னக்கரைச்சி என்ற களப்புகளை ஒட்டி உப்பளங்கள். வீதியோரத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்த பொதுநலவாய மயானம்.

இந்த வீதியில் சந்திக்குச் சந்தி ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. முன்னால் வாழைக்குலை, மேசையில் இனிப்புப் போத்தல்கள், பின்னால் அரிசி மூட்டைகள், லாச்சிக்குள் நீளக் கொப்பி. கடந்த எண்பது ஆண்டுகளில் அரசாங்கம் பல தடவை இந்தக் கடைக்குப் பக்கத்தில் வந்து தானும் ஒரு கடை போட்டது, அல்லது கடைக்குப் பதிலாக ஒரு முத்திரை கொடுத்தது, அல்லது வங்கிக் கணக்கில் காசு போட்டது. ஒவ்வொரு தடவையும் பொருளின் விலையைக் குறைக்க அதனால் முடிந்தது. தவணை கொடுக்க முடியவில்லை. உப்புவெளிக் கடையின் கதையை இந்த இடைவெளியில் இருந்துதான் சொல்ல வேண்டும்.

ரங்கூன் அரிசி

இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கை தனக்குத் தேவையான அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. நெல் விளையும் கந்தளாய், தம்பலகாமம் பக்கத்தில் இருந்தாலும், கரையோரக் கடைகளில் விற்றது பெரும்பாலும் கப்பலில் வந்த அரிசியே. பருப்பும் செத்தல் மிளகாயும் இந்தியாவிலிருந்து வந்தன. 1927இல் கல்லோயாவிலிருந்து திருகோணமலைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் கொழும்பு மொத்தக்கடைகளின் சரக்கு நகரத்துக்கு வருவது இலகுவாயிற்று. நகரத்திலிருந்து உப்புவெளிக்கு மாட்டு வண்டி.

சரக்கோடு கடனும் அதே பாதையில்தான் வந்தது. கொழும்புச் செட்டியார் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இறக்குமதியாளருக்குக் கடன் கொடுத்தார்கள். இறக்குமதியாளர் மொத்த வியாபாரிக்கு, மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்கு, சில்லறைக் கடை வாடிக்கையாளருக்கு. பிரித்தானிய வங்கிகளின் படியேற உள்ளூர் வியாபாரிக்கு வழியிருக்கவில்லை. 1930களின் உலக மந்தத்தில் செட்டியார்கள் பலர் கையைச் சுருக்கிக்கொண்டபோது இந்தச் சங்கிலி ஆட்டங்கண்டது. சேர் சொராப்ஜி பொச்கன்வாலா தலைமையில் 1934இல் அமைந்த வங்கி ஆணைக்குழு உள்ளூர் வணிகத்துக்குக் கடன் கிடைக்காததைத்தான் பெரிய குறையாகக் கண்டது. அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. அந்த வங்கியும் கடை முதலாளி வரைக்கும்தான் வரலாம். கடைக்கு முன்னால் பையோடு நிற்கும் பெண்ணுக்குக் கடன் கொடுக்கக்கூடியவர் முதலாளி ஒருவரே.

திருகோணமலைக்கு அப்போது இன்னொரு வருமானமும் இருந்தது. 1920களிலும் 30களிலும் பிரித்தானியக் கடற்படைக்காகச் சீனக்குடாப் பக்கத்தில் நூறளவான எண்ணெய்த் தாங்கிகள் எழும்பின. டொக்யாட்டில் வேலைக்கு யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் தென்னிந்தியத் தமிழரும் வந்தார்கள். டொக்யாட் வேலைக்காரர் மாதச் சம்பளக்காரர். கடலுக்குப் போகிறவரின் கணக்கு பருவத்தோடு தீரும். டொக்யாட்காரரின் கணக்கு சம்பள நாளில் தீரும். கடைக்காரருக்கு இரண்டுமே வேண்டும். மாதக் கணக்குக்காரரின் காசில் மொத்தக்கடைக்குக் கட்டி, பருவக் கணக்குக்காரரை வாடை முடியும் வரை தாங்கலாம்.

1942 மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் குண்டு வாங்கின. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்து அழிந்தது. துறைமுகத்தை விட்டு முன்கூட்டியே வெளியேறியிருந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. நகரத்துச் சனம் மூட்டை முடிச்சோடு காடுகளையும் உட்கிராமங்களையும் நோக்கி ஓடியது. குண்டுக்குத் தப்பிய கடைக்கும் அதன் பின் பர்மா அரிசி வரவில்லை.

சங்கக்கடை வந்தது

அந்த ஆண்டே அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. பங்கிடுவதற்குக் கடை வேண்டும். தனியார் கடையை அரசு நம்பவில்லை, பதுக்கலும் கள்ள விலையும் வருமென்று பயந்தது. 1911ஆம் ஆண்டின் சட்டத்தோடு இலங்கையில் தொடங்கிய கூட்டுறவு இயக்கம் அதுவரை பெரும்பாலும் கடன் கொடுக்கும் சங்கங்களாகவே இருந்தது. போர் அதைக் கடைக்காரராக மாற்றியது. 1943இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம், பிற்காலத்துச் சதொசவின் தாய், உருவானது. போர் முடியும்போது தீவு முழுவதும் சுமார் 4,000 கூட்டுறவுப் பண்டகசாலைகள் இருந்தன. கடன் கொடுப்பதற்கென்று பிறந்த இயக்கம் மூன்றே ஆண்டில் காசுக்கு மட்டும் விற்கும் கடைகளின் கூட்டமாக மாறியது.

சங்கக்கடை என்று சனம் அழைத்த இந்தக் கடைக்கு ஒரு தனி ஒழுங்கு இருந்தது. பச்சையோ சாம்பலோ பூசிய கதவு, மனேஜர், பெரிய இரும்புத் தராசு, சுவரில் விலைப்பட்டியல். கூப்பன் புத்தகத்தை நீட்டினால் வெட்டிக்கொண்டு கொத்துக் கணக்கில் அரிசி அளந்து கொடுப்பார்கள். கூப்பன் கிழமை தவறினால் அந்தக் கிழமைப் பங்கு போய்விடும். கையில் காசில்லாத மீனவக் குடும்பத்துக்கு இது பெரிய சோதனை: மலிவு அரிசி கிடைக்கிறது, ஆனால் குறித்த கிழமையில் சதத்தை எண்ணி வைத்தாக வேண்டும்.

தீர்வு பக்கத்திலேயே இருந்தது. சந்திக்கடை முதலாளியிடம் காசைக் கைமாற்றாக வாங்கி, சங்கக்கடையில் கூப்பன் அரிசியை எடுப்பது. இரண்டு கடைகளும் எதிரிகள்போலத் தெரிந்தாலும் அடித்தளத்தில் ஒன்றையொன்று தாங்கின. சங்கக்கடை அரிசி, சீனி, மா, சீத்தைத் துணி என்று கட்டுப்பாட்டுப் பொருள்களை வைத்திருந்தது. மிளகாய்த்தூள், தேங்காய், வெற்றிலை, புகையிலை, நெருப்புப்பெட்டி, அரைப் போத்தல் மண்ணெண்ணெய், கடதாசிச் சரையில் சுற்றிய ஐந்து சதத்துச் சீரகம் எல்லாம் சந்திக்கடையில்.

சுதந்திரத்துக்குப் பின் கூப்பன் அரிசி அரசியலாயிற்று. 1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி தீவு கண்ட மிகப் பெரிய ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட வேண்டியதாயிற்று. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அடுத்து வந்த கொத்தலாவல விலையை 55 சதமாக்கினார். அதற்கு முன்பே, 1952 டிசம்பரில், சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. பர்மா அரிசி இருந்த இடத்தில் சீன அரிசி வந்தது.

1957இல் திருகோணமலைக்கு இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நேர்ந்தன. பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்து வெளியேறினார்கள். டொக்யாட்டின் சம்பளப் பட்டியல் சுருங்கியது, சந்திக்கடைகளின் மாதக் கணக்கும் சுருங்கியது. அதே ஆண்டில் விவசாய, உணவு அமைச்சர் பிலிப் குணவர்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை அறிமுகப்படுத்தினார். ஒரே சங்கம் கடன் கொடுக்கும், விளைச்சலை வாங்கும், கடையும் நடத்தும் என்பது திட்டம். விவசாயிக்கு நெல்லை ஈடாகக் காட்ட முடிந்தது. கடலுக்குள் இருக்கும் மீனை யாரும் ஈடாக எடுப்பதில்லை. மீனவர் வழமைபோலப் படகு முதலாளியான சம்மாட்டியிடம் முற்பணமும் சந்திக்கடையில் சாமானும் வாங்கினார்.

இந்த இரட்டைக் கணக்கில் தெற்கத்தி மீனவரும் சேர்ந்தார்கள். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கத் தொடங்கும் பங்குனி, சித்திரையில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து படகும் வலையுமாக வந்து நிலாவெளியிலிருந்து முல்லைத்தீவு வரை தற்காலிகக் குடில்களான வாடிகளை அமைப்பார்கள். ஐப்பசியில் திரும்பிப் போவார்கள். ஆறு மாதத்துக்கு அரிசியும் மாவும் தேயிலையும் கடைக் கணக்கில் எடுத்து, போகும்போது தீர்ப்பது வழக்கம். உள்ளூர்க் கணக்கு வாடையில் ஏறும்போது வாடிக் கணக்கு தீர்ந்து கையில் காசு வரும்.

வரிசையின் காலம்

1966 டிசம்பரில் கூப்பன் அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்தது. அந்த ஒரு கொத்து இலவசம். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு கூட்டுறவுச் சங்கங்களை ஒன்றிணைத்துச் சுமார் 370 பெரிய சங்கங்களாக்கியது. மனேஜரை ஊரே அறிந்த நிலை போய், முடிவுகள் எங்கோ ஒரு தலைமைக் காரியாலயத்துக்குப் போயின. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய்க்கும் தானியத்துக்கும் ஏறிய விலை, வறட்சி எல்லாம் சேர்ந்து பாணுக்கும் வரிசை, சீனிக்கும் வரிசை. அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைத் தடுக்க வீதிகளில் சாவடிகள் வந்தன.

இந்த ஆண்டுகளை வடக்கு கிழக்கின் பழைய ஆட்கள் இரண்டு விதமாக நினைவுகூருகிறார்கள். பாணுக்காக விடியப்புறம் எழுந்து நின்றவர்களுக்கு அது கஷ்ட காலம். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கண்ட தோட்டக்காரருக்கு அதுவே கை நிறைந்த காலம். நிலாவெளி, குச்சவெளி மணல் தரையில் சின்ன வெங்காயம் போட்டவர்களும் அதில் பங்காளிகள். அந்த வருமானத்திலும் ஒரு பகுதி சந்திக்கடைக் கொப்பியைத்தான் தீர்த்தது.

1977இல் காற்று திசை மாறியது. ஜே.ஆர். ஜயவர்தன அரசு இறக்குமதியைத் திறந்துவிட்டது. கூப்பன் முதலில் மாதம் 300 ரூபாவுக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979 செப்டெம்பரில் அரிசிப் பங்கீடு முற்றாக ஒழிந்து உணவு முத்திரை வந்தது. வயதுக்கேற்ப ஆளுக்கு மாதம் 15 ரூபாவிலிருந்து 25 ரூபா வரை. மண்ணெண்ணெய்க்குத் தனி முத்திரை. அரிசியின் விலை ஏறினாலும் முத்திரையில் அச்சிட்ட தொகை ஏறவில்லை. சில ஆண்டுகளிலேயே அதன் பெறுமதி பாதியாகத் தேய்ந்தது. அரசாங்கம் பொருளைக் கொடுத்த காலம் முடிந்து காகிதத்தைக் கொடுக்கும் காலம் தொடங்கியது. குறைந்த பங்கைக் கடன் கொப்பி நிரப்பிற்று.

அதே 1977இல் அரசு சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்தோடு செய்த உடன்பாட்டின்படி 1980இல் சீனக்குடாவில் மாவாலை இயங்கத் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பெரிய மாவாலைகளில் ஒன்று. அதுவரை அமெரிக்கன் மா என்று பெயரெடுத்த, உதவியாகக் கப்பலில் வந்த மாவுக்குப் பதிலாகக் கோதுமையே கப்பலில் வந்து திருகோணமலையில் அரைபட்டு நாடெங்கும் போனது. உப்புவெளிக் கடையில் ரொட்டிக்கும் இடியப்பத்துக்கும் விற்ற மா ஐந்தாறு மைல் தூரத்தில் அரைபட்டது. எடையும் அந்தக் காலத்தில்தான் மாறியது. கொத்தும் சுண்டும் இறாத்தலும் போய்க் கிலோ வந்தது. பாண் மட்டும் இன்றுவரை 450 கிராம், அதாவது ஒரு இறாத்தல்.

மேசைக்குப் பின்னால் அலுமாரி நிறைந்தது. அங்கர் பால்மா, மலிபன் மாரி, சன்லைட், லைப்போய், நெக்டோ. உப்புவெளிக் கடற்கரையில் 1970களிலேயே விடுதிகள் முளைத்திருந்தன. கோடையில் வெள்ளைக்காரர் வந்து போனார்கள். கடைகளின் முகம் வேறாகிக்கொண்டிருந்த நேரம். அது ஆறு ஆண்டுகூட நீடிக்கவில்லை.

நிவாரணத்தின் காலம்

1983 ஜூலைக் கடைசியில் கடற்படை முகாமை விட்டு வெளியேறிய சிப்பாய்கள் திருகோணமலையில் தமிழரின் கடைகளுக்கும் வீடுகளுக்கும் தீ வைத்தார்கள். 1985இல் மாவட்டம் முழுவதும் வன்செயல். 1987இல் இந்திய அமைதிப்படை வந்தது, 1990இல் போனது. அந்த ஜூனில் போர் மறுபடி மூண்டது. உப்புவெளியைச் சுற்றிய ஊர்கள் காட்டுக்கும் அகதி முகாமுக்கும் தமிழ்நாட்டுக்குமாகச் சிதறின. நீர்கொழும்பு வாடிகள் வருவது நின்றது. கடற்படையின் அனுமதியும் நேரக்கட்டுப்பாடும் கடல் தொழிலை மூச்சடைக்க வைத்தன. விடுதிகளின் பருவம் இல்லாமலே போனது. வாடைக்காலம் பன்னிரண்டு மாதமாக நீண்டது.

அலஸ்தோட்டத்தில் நலன்புரி நிலையம் அமைந்தது. இடம்பெயர்ந்தவர்களுக்கு அரசு உலர் உணவு நிவாரணம் கொடுத்தது: ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதி. ஆண்டுகள் போயும் அந்தத் தொகை அப்படியே நின்றது. நிவாரணத்தைப் பங்கிட்டது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். திறந்த பொருளாதாரத்தில் ஈயோட்டிக்கொண்டிருந்த சங்கக்கடைக்குப் போர் இரண்டாவது உயிர் கொடுத்தது. நிவாரணத்தில் வந்த அரிசி, மா, பருப்பு, சீனியில் ஒரு பங்கைச் சந்திக்கடையில் விற்றுச் சவர்க்காரமும் மீனும் பிள்ளைக்குக் கொப்பியும் வாங்குவது முகாம் வாழ்க்கையின் அங்கமானது. கடைக்காரர் அங்கே வாங்குபவராகவும் விற்பவராகவும் ஒரே மேசையில் நின்றார்.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் பற்றரி, மெழுகுதிரி, சீமெந்து, உரம், எரிபொருள் போன்றவற்றைக் கொண்டுபோகத் தடை இருந்தது. அரச கட்டுப்பாட்டில் இருந்த ஊரிலும் அளவுக்கு மீறி எதை வாங்கினாலும் ஏன் என்ற கேள்வி வரும். கடைக்காரருக்குச் சரக்கு வைப்பதே ஆபத்து, வைக்காமல் இருந்தால் பட்டினி.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தம் மூச்சுவிட இடம் கொடுத்தது. பழைய விடுதிகள் வெள்ளையடித்துக்கொண்டன. சில புதிதாக எழும்பின. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி நாளில் சுனாமி வந்தது. ஆழமான உள்துறைமுகம் திருகோணமலை நகரின் ஒரு பகுதியைக் காத்தது. திறந்த கடலைப் பார்த்த உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளுக்கு அந்தக் காப்பு இல்லை. மாவட்டத்தில் ஆயிரமளவில் மாண்டார்கள். கரையோரக் கடையொன்று அள்ளுண்டு போனால் சரக்கோடு கொப்பியும் போகும். நாளோ மார்கழி, கொப்பிகளில் பாக்கி உச்சத்தில் இருக்கும் மாதம். அந்தப் பாக்கிக்கு மிஞ்சிய ஒரே சாட்சி, வாங்கியவரின் நாணயம். வாங்கியவரும் உயிரோடு இருக்க வேண்டும்.

மறுபடி சங்கக்கடை. சுனாமியால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் கிழமைக்கு 375 ரூபா: 200 ரூபா காசாக, 175 ரூபா கூட்டுறவுக் கடையில் பொருளாக. குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா உதவி வேறு. ஆனால் 2006 ஏப்ரல் 12ஆம் திகதி திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்ததும், தொடர்ந்த சில மணி நேரத்தில் தமிழரின் கடைகள் எரிந்து பலர் கொல்லப்பட்டதும், மீண்டெழுந்த வியாபாரத்தைத் திரும்பவும் படுக்க வைத்தன. சித்திரைப் புதுவருடத்துக்கு இரண்டு நாள் முன்பு. கடைகளில் சரக்கு நிறைந்திருக்கும் நேரம்.

கச்சானில் இரட்டை, வாடையில் வெறுமை

2009 மே மாதம் போர் முடிந்தபின் கொழும்பிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. உப்புவெளிக் கரையில் பழைய கிளப் ஓசியானிக் விடுதி புதுப்பெயரோடு திறந்தது. அதைச் சுற்றி விருந்தினர் விடுதிகளும் சுழியோடும் நிலையங்களும் உணவகங்களும் நெருங்கின. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவைப் பார்க்கப் படகுகள் ஓடின. சந்திக்கடையின் முகப்பில் தண்ணீர்ப் போத்தல், வெயில் கிறீம், கடற்கரைச் செருப்பு, ரீலோட் அட்டை. உள்ளே அதே அரிசி மூட்டை. ஒரு மேசையில் இரண்டு வியாபாரம்: வெளியூர்க்காரருக்கு ரொக்கம், ஊராருக்குக் கொப்பி. தென்பகுதி வாடிகளும் மெல்லத் திரும்பின, கடலில் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற பழைய சண்டையோடு.

சுற்றுலா வந்தால் பஞ்ச மாதங்கள் நிரம்பும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. கணக்கு அப்படி விழவில்லை. சுற்றுலாவின் பருவமும் மீனின் பருவமும் உப்பின் பருவமும் ஒன்றே என்பதால், நல்ல மாதங்கள் மேலும் நல்லவையாயின, கெட்ட மாதங்கள் அப்படியே நின்றன. விடுதியில் அறை துப்புரவாக்கும் பெண்ணும் சுற்றுலாப் படகு ஓட்டும் இளைஞரும் வருவது கடலுக்குப் போன அதே வீடுகளிலிருந்துதான். வாடையில் ஒரே வீட்டின் இரண்டு வருமானமும் சேர்ந்து நின்றன.

அந்த வெறுமைக்குள் நுண்கடன் நிறுவனங்கள் புகுந்தன. வீட்டு வாசலுக்கு வந்து கடன் கொடுத்தார்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணை வைத்தார்கள். ஆனால் தவணை கிழமைக்குக் கிழமை. கடல் அடித்தாலும் மழை அடித்தாலும் குறித்த நாளில் கட்ட வேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட அடகு. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், திருகோணமலையும் அதில் ஒன்று, பெண்கள் வாங்கிய 100,000 ரூபா வரையான நுண்கடன்களை அரசே பொறுப்பேற்றுத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. சந்திக்கடைக் கொப்பிக்கும் இந்தக் கடனுக்கும் வித்தியாசம் வட்டியில் மட்டும் இல்லை. கொப்பி மீன் படும் வரை பொறுக்கும்.

அதற்காகக் கடைக்காரரைத் தருமவானாக்க வேண்டியதில்லை. கொப்பியில் வாங்குபவர் விலை பேச முடியாது. கொடுத்த அரிசியில் கல் இருந்தாலும் வேறு கடைக்குப் போக முடியாது. பாக்கி இருக்கும்போது இன்னொரு கடையில் ரொக்கத்துக்கு வாங்கியதைக் கண்டால் முதலாளியின் முகம் மாறும். சீட்டுப் பிடிப்பவரும் பல இடங்களில் அவரே. மறுபக்கம், பாக்கி வராமல் கடை பூட்டியவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கடன் அன்பை முறிக்கும் என்று பலகை தொங்கவிட்ட கடையிலும் கொப்பி இருக்கும்.

போட்டியும் கூடியது. 1844இல் கண்டியில் தொடங்கிய கார்கில்ஸ், 1983இல் கொழும்பில் முதல் ஃபுட் சிட்டி சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. இன்று திருகோணமலை நகரிலும் அது இருக்கிறது. காலையிலும் மாலையிலும் பேத்தோவனின் மெட்டை ஒலித்தபடி சூன் பாண் முச்சக்கர வண்டி ஒழுங்கைக்குள் வருகிறது. பாண் விற்றுக் கிடைத்த சில்லறை லாபம் கடையிலிருந்து போய்விட்டது.

எண்ணெய்த் தாங்கிக்கு எதிர்க்கரையில்

2020 மார்ச் 20ஆம் திகதி நாடு தழுவிய ஊரடங்கு வந்தபோது சுப்பர் மார்க்கெட் பூட்டியது, பஸ் நின்றது, விடுதி காலியானது. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தது சந்திக்கடை ஒன்றே. அந்த ஆண்டின் சுற்றுலாப் பருவம் பிறக்குமுன்னே செத்தது.

அடுத்து வந்தது அதைவிடப் பெரிது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று அறிவித்தது. ஆண்டு தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. 2021 செப்டெம்பரில் 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் பால்மாப் பைக்கற் 2022 மார்ச்சில் 790. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கடைகளில் பால்மாவைப் பிரித்துச் சின்னப் பைகளில் கட்டி விற்றார்கள். முன்பு கடதாசிச் சரையில் சீரகம் விற்ற அதே முறை. கொடுத்த சாமானின் விலைக்கு அடுத்த கிழமை அதே சாமானை வாங்க முடியாதபோது கொப்பி எழுதுவதே நட்டம். பல கடைக்காரர் அந்த மாதங்களில் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். சிலர் காசை எழுதாமல் சாமானையே எழுதினார்கள், இரண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ சீனி என்று, தீர்க்கும் நாள் விலையில்.

மண்ணெண்ணெய்தான் உப்புவெளியை அதிகம் சுட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சின்னப் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. அதற்கு முன் பல வாரம் கிடைக்கவேயில்லை. சீனக்குடாப் பக்கத்தில் பிரித்தானியர் விட்டுப்போன 99 தாங்கிகள், ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன் அளவு கொள்ளக்கூடியவை, காட்டுக்குள் நின்றன. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவற்றைப் பங்குபோடும் புதிய ஒப்பந்தம் இந்தியன் ஒயில் நிறுவனத்துக்கும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் இடையில் கையெழுத்தாகியிருந்தது: இந்திய நிறுவனத்துக்கு 14, கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. மே மாதம் பிரதமர் பதவி துறந்து கொழும்பிலிருந்து தப்பிய மகிந்த ராஜபக்ஷ வந்து தங்கியதும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில்தான். வாசலில் எதிர்ப்பாளர் கூடினார்கள். அதே நாட்களில் நகரத்து எரிபொருள் நிலையங்களில் கான்கள் வரிசையில் நின்றன.

2023 ஜூலையில் சமுர்த்தி என்ற நலன்புரித் திட்டத்தின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தது. குடும்பத்தின் நிலையைப் பொறுத்து மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று நாலு படிகளில் தொடங்கிய அந்தப் பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. கூப்பனும் முத்திரையும் சங்கக்கடைக்கு ஆளைக் கொண்டுவந்தன; வங்கிக் கணக்கு யாரையும் எந்தக் கடைக்கும் அனுப்புவதில்லை. பல ஊர்களில் சங்கக்கடைக் கட்டடம் பாதி பூட்டியோ வாடகைக்கு விட்டோ கிடப்பதற்கு இது ஒரு காரணம். 1942இல் பொருளைக் கையில் கொடுக்கத் தொடங்கிய அரசு, எண்பது ஆண்டில் ஒரு குறுஞ்செய்தியோடு தன் பங்கை முடித்துக்கொள்கிறது.

சந்திக்கடைக்கு இதனால் ஒரு புதிய திகதி கிடைத்தது. டொக்யாட்டின் சம்பள நாள் போன இடத்தில், வாடிக் கணக்குத் தீரும் ஐப்பசி குறுகிய இடத்தில், இப்போது அஸ்வெசும விழும் நாள். கொப்பியில் ஒரு பகுதி அன்று தீருகிறது. மிச்சம் பங்குனிக்குத் தள்ளப்படுகிறது. சில கடைகளில் கொப்பி கைபேசிக்கு மாறியிருக்கிறது: மாதக் கணக்கைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மருமகனுக்கோ அனுப்ப, கனடாவிலிருந்தோ கட்டாரிலிருந்தோ காசு வருகிறது. அப்படி ஒருவரும் வெளியில் இல்லாத வீடுகளுக்கு, கார்த்திகை தொடங்கும்போது கடைக்காரர் இன்னும் ஒரு பக்கத்தைத் திறந்து வைக்கிறாரா என்பதே கேள்வி. அதற்கான பதில் அந்த ஆண்டுக் கச்சானில் எவ்வளவு மீன் பட்டது, எத்தனை அறை நிரம்பியது என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.